மெத்தைத் தலைமாட்டுப் பலகை

கட்டிலின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் பலகையின் மேல் பஞ்சையோ ஃபோமையோ வைத்து, துணி அல்லது ரெக்சின் போர்த்தி இறுக்கியது மெத்தைத் தலைமாட்டுப் பலகை. தச்சர்களும் குஷன் கடைக்காரர்களும் இதை ‘ஹெட்போர்டு’ என்றே சொல்கின்றனர். சாய்ந்து உட்கார்ந்து படிப்பவரின் முதுகைத் தாங்குவதும், சுவரில் தலையெண்ணெய்க் கறை படியாமல் காப்பதும் இதன் பயன்கள். பெரிய தச்சுக் கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய அறைகலன்களுள் இதற்கே முதலிடம் தரலாம்.

வரலாறு

பண்டைய எகிப்தியக் கட்டில்களில் பலகை கால்மாட்டில்தான் இருந்தது. தலைமாடு திறந்தே கிடந்தது. தலையணைக்குப் பதிலாக மரத்தாலோ தந்தத்தாலோ ஆன தலைதாங்கியை வைத்துக்கொண்டனர். 1922இல் கண்டறியப்பட்ட துட்டன்காமுன் கல்லறையின் கட்டில்களிலும் இந்த அமைப்பைக் காணலாம்.

தலைமாட்டை உயரமான பலகையால் அடைக்கும் வழக்கம் ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் வேரூன்றியது. இங்கிலாந்தின் வேர் என்ற ஊரின் விடுதிகளில் பேர்பெற்றிருந்த ‘வேர் பெருங்கட்டில்’ 1590களில் செய்யப்பட்டது. அதன் அகலம் 3.26 மீட்டர். ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்திலும் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. 1931 முதல் அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓக் மரத் தலைப்பலகை முழுவதும் செதுக்கு வேலை. கண்ணுக்கு விருந்து, ஆனால் சாய்ந்தால் முதுகில் குத்தும்.

பலகையைத் துணியால் மூடும் கலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரண்மனைகளில் உச்சம் தொட்டது. பாரிசில் பிறந்த புராட்டஸ்டண்டுக் கலைஞர் தானியேல் மாரோ, பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்குச் சமய உரிமை அளித்திருந்த நாந்து ஆணையை 1685இல் நீக்கியதை ஒட்டி நெதர்லாந்துக்குச் சென்று, பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான வில்லியமிடம் பணியாற்றினார். அவர் அச்சிட்டு வெளியிட்ட கட்டில் வடிவங்களில் தலைப்பலகை, விதானம், திரை எல்லாமே துணிமயம். ஸ்காட்லாந்தின் மெல்வில் பிரபுவுக்காக 1700ஐ ஒட்டிச் செய்யப்பட்ட மெல்வில் கட்டில் இந்தப் பாணிக்குச் சிறந்த சான்று. ஜெனோவாவின் செந்நிற வெல்வெட்டும் சீனத்து வெண்பட்டும் அதன் மரத்தைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டன. அக்காலக் கட்டிலின் விலையில் பெரும்பங்கு துணிக்கே போயிற்று. உள்ளே இருந்தது சாதாரண மரச்சட்டம்தான். அரசர்கள் படுத்த கட்டிலிலும் மலிவான மரத்தின் மேல்தான் துணி நின்றது என்பது, குறைந்த செலவில் செய்ய நினைப்பவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

19ஆம் நூற்றாண்டில் குதிரைமயிரை அடைத்து, நூல் கோத்த பொத்தானைப் பின்பக்கம் வரை இழுத்துக் கட்டும் முறை பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பெருவழக்காயிற்று. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், துணியும் மரமும் மூட்டைப்பூச்சிக்கு இடம் தரும் என்று கருதிப் பலரும் இரும்பு, பித்தளைக் கட்டில்களுக்கு மாறினர். 1937இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ பேயர் பாலியூரித்தேனை உருவாக்கினார். 1950களில் அதிலிருந்து செய்த மென்மையான ஃபோம் விற்பனைக்கு வந்த பிறகு, பஞ்சு அடைக்கும் கைத்திறன் இல்லாதவரும் இவ்வேலையில் இறங்க முடிந்தது.

வகைகள்

பொருத்தும் முறையைக் கொண்டு, கட்டில் காலில் போல்ட்டால் இணைப்பது, சுவரில் மாட்டுவது, தரையில் ஊன்றிச் சுவரோடு சாய்ப்பது என மூவகை. மேற்பரப்பைக் கொண்டு, சமதளம், நெடுவரிக் குழல், பொத்தான், தனித்தனிக் கட்டம் என நால்வகை. பொத்தான் வகையின் குழிகளில் தூசி தங்கும்; முதன்முறை செய்பவருக்குச் சமதள வகையே தக்கது. வாடகை வீட்டில், சுவரைத் துளைக்க வேண்டாத, கட்டில் காலில் இணைக்கும் முறையே சிறந்தது.

பொருள்கள்

60 அங்குல அகலக் கட்டிலுக்கு 60க்கு 24 அங்குலம், 12 மி.மீ. பிளைவுட் போதும். எடை ஏறத்தாழ 7 கிலோ வரும். எட்டுக்கு நான்கு அடி முழுத் தகட்டில் இத்தகைய பலகை இரண்டு எடுக்கலாம் என்பதால், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் செலவு பாதியாகும். ஈரம் ஏறாத சுவருக்குச் சாதாரண கமர்ஷியல் பிளைவுட் போதும். பழைய கட்டிலின் மரத்தலைப்பலகை நல்ல நிலையில் இருந்தால் அதன் மேலேயே வேலையைத் தொடங்கலாம்.

ஃபோமில் 32 டென்சிட்டி, 2 அங்குலக் கனம் ஏற்றது. போடிநாயக்கனூர் வட்டாரத்து இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் இணையற்றது. ஆனால் நிமிர்ந்து நிற்கும் பலகையில் நாளடைவில் கீழே இறங்கிவிடும். ரெக்சின் துடைக்க எளிது. எனினும் கோடையில் வியர்த்து ஒட்டும், சில ஆண்டுகளில் உரியும். தடித்த பருத்தித் துணியே மேலானது.

செய்முறை

பலகையின் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஃபோமை ரப்பர் பசையால் ஒட்ட வேண்டும். பசையின் நெடி தலைசுற்றல் தரும். சன்னலைத் திறந்து வைப்பது கட்டாயம். ஃபோமின் மேல் ரெக்ரான் எனும் செயற்கை இழையின் மெல்லிய விரிப்பைப் போட்டால் விளிம்பின் கூர்மை மறையும்.

சோபாத் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருவதால், 60 அங்குலப் பலகைக்கு அதைக் குறுக்காகத் திருப்பித்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் 2 மீட்டர் போதும். பூவேலை உள்ள துணியில் பூக்கள் படுத்துக்கொள்ளும் என்பதால் ஒற்றை நிறமே நலம். துணியை முகம் கீழாகத் தரையில் விரித்து, அதன் மேல் பலகையைக் கவிழ்த்து, துணியைப் பின்பக்கம் மடித்து, நான்கு பக்கத்திலும் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி இழுத்து அடித்துச் செல்ல வேண்டும். ஒரே பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் இழை கோணிக்கொள்ளும். 12 மி.மீ. பலகையில் 10 மி.மீ. காலுள்ள பின் மறுபுறம் துளைத்து வராது. மூலையில் முதலில் துணியின் நுனியை உள்நோக்கி இழுத்து ஒரு பின் அடித்து, இருபுறமும் எஞ்சுவதைச் சிறு மடிப்பாக்கிப் பின்பக்கம் ஒதுக்க வேண்டும். கடையில் வாங்கியதற்கும் வீட்டில் செய்ததற்கும் வேறுபாடு தெரியும் இடம் இந்த மூலைதான். பொறுமை அங்கேதான் தேவை.



பாதுகாப்பு

1979இல் மான்செஸ்டர் வூல்வொர்த்ஸ் அங்காடியில் ஃபோம் அறைகலன்கள் எரிந்த தீவிபத்தில் பத்துப் பேர் இறந்தனர். பிரிட்டன் 1988இல் கொண்டுவந்த அறைகலன் தீப்பாதுகாப்பு விதிகள் கட்டில் தலைப்பலகையையும் உள்ளடக்கியவை. ஃபோம் எரியும்போது எழும் புகை நச்சுத்தன்மை கொண்டது. பலகைக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் அகப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுவத்தியையும் விளக்கையும் அதன் பக்கத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள்.