எட்டயபுரத்து இரு கல்லறைகள்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் எட்டயபுரம் வந்துவிடும். உப்பளங்களின் வெண்மை பின்தங்கி, கடற்காற்றின் ஈரமும் மெல்ல மறைந்து, இருபுறமும் கரிசல் நிலம் விரிந்து கிடக்கும். முத்தும் சங்கும் எடுத்த கரைக்கும், பருத்தியும் கம்பும் விளையும் இந்தக் கரிசலுக்கும் இடையிலான உறவு வணிகத்தால் மட்டும் அமைந்ததன்று, பாட்டாலும் அமைந்தது.

எட்டயபுரம் என்றதும் 1882-ஆம் ஆண்டில் அங்கே பிறந்த பாரதியார் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு முன்பே அவ்வூர் மண் இரு பெரியார்களைத் தன்னுள் தாங்கிக்கொண்டது. ஒருவர் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் (ரஹ்). மற்றவர் கருநாடக இசையின் மூவருள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். தமிழன்பர் உமறுவின் அடக்கத் தலத்தை நாடிச் செல்கிறார். இசையன்பர் தீட்சிதரின் சமாதியை நாடிச் செல்கிறார். ஒரே ஊருக்கு வந்த இருவரும் ஒருவர் சென்ற இடத்துக்கு மற்றவர் செல்லாமலே திரும்பிவிடுவது பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. இவ்விரு கல்லறைகளும் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைக் காதலர்களின் யாத்திரை

இசையின்மேல் கொண்ட காதலால் பழைய நினைவிடம் ஒன்றைத் தேடிச் செல்வது நம் நாட்டில் புதிதன்று. குவாலியரில் சூஃபிப் பெரியார் முகம்மது கௌஸ் (ரஹ்) அவர்களின் எழில்மிகு அடக்கத் தலத்தின் அருகே, அக்பர் பேரரசரின் அவைப் பாடகர் தான்சேன் துயில்கிறார். அங்குள்ள புளியமரத்தின் இலையைச் சுவைத்தால் குரல் இனிமை பெறும் என்று நம்பிப் பாடகர்கள் பல தலைமுறைகளாக அங்கே போய்வருகிறார்கள். இலைக்கு அத்தகைய ஆற்றல் உண்டோ இல்லையோ, அத்தனை தொலைவு நடந்து வந்த நெஞ்சில் ஆர்வம் உண்டு என்பதில் ஐயமில்லை.

எட்டயபுரத்துக்கும் அத்தகைய காதலர் ஒருவர் வந்தார். அவர் இலையைச் சுவைக்க வரவில்லை; பணிந்து கண்ணீர் விட்டுத் திரும்பிப் போகவும் வரவில்லை. அழிந்துபோக இருந்த ஒரு செல்வத்தைக் காப்பாற்ற வேண்டி வந்தார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தச் செல்வம் எட்டயபுரத்துக்கு வந்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும்.

முத்துசாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் காசியில் தங்கினார். அங்கே கேட்ட துருபத இசையின் நிதானமும் கம்பீரமும் பின்னாளில் அவர் பாடல்களில் படிந்தன. வடநாட்டில் அவ்விசையை வளர்த்தவர்களுள் முஸ்லிம் உஸ்தாதுகள் பலர் இருந்தனர் என்பதை நாம் அறிவோம். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்த வாத்தியக் குழுவின் மெட்டுக்களுக்கும் அவர் சொற்கள் அமைத்தார். நல்லது எங்கிருந்து வந்தாலும் செவி கொடுத்தவர் அவர்.

அவருடைய இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து பிடில் வாசிக்கக் கற்று, அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கிய முன்னோடி. எட்டயபுரத்து அரசர் அவரைத் தம் அவைக்கலைஞராக அமர்த்திக்கொண்டார். தம்பி அங்கே இருப்பதைக் கேள்வியுற்ற தமையனார் அவரைக் காண எட்டயபுரம் நோக்கிப் புறப்பட்டார். வழியில் வறட்சியால் வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு உள்ளம் உருகி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அவர் பாட, மழை பொழிந்தது என்று ஒரு கதை வழங்கிவருகிறது. கரிசல் காட்டு மக்களுக்கு மழையைவிடப் பெரிய பரிசு வேறில்லை. ஆகவே அவர்கள் நினைவில் அந்தப் பாடகரும் மழையும் ஒன்றாகிவிட்டதில் வியப்பில்லை. 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளன்று எட்டயபுரத்திலேயே தீட்சிதர் காலமானார்.

பாலுசாமியின் மகள் வழிப் பேரரும், அவரால் மகனாக ஏற்கப்பட்டவருமான சுப்பராம தீட்சிதரிடம் அக்குடும்பத்தின் இசை முழுவதும் வந்து சேர்ந்தது. அது அவர் நினைவிலும் வீட்டு ஏடுகளிலும் இருந்தது. அவரோடு அதுவும் மறைந்திருந்தால் இன்று நாம் கேட்கும் தீட்சிதர் பாடல்களில் எத்தனை எஞ்சியிருக்கும்?

கண்ணொளி குன்றிய பயணி

சென்னை அரசாங்கச் செயலகத்தில் அலுவல் பார்த்த சின்னசாமி முதலியார் என்பவர் கிறித்தவர், எம்.ஏ. பட்டம் பெற்றவர்; மேனாட்டு இசையைத் துறைபோகக் கற்றவர். நம் நாட்டு இசை வாய்மொழியிலேயே நின்று தேய்ந்துபோவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பிய இசைக்குறிகளில் எழுதித் தம் சொந்தச் செலவிலேயே 1890-களில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். தியாகராசரின் பாடல்களை அவருடைய சீடர் வழியினரிடம் கேட்டு எழுதினார். தீட்சிதரின் பாடல்களுக்கோ சுப்பராம தீட்சிதரை அன்றி வேறு புகலிடம் இல்லை.

தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பச் செல்வத்தைப் பிறர் கையில் கொடுக்கச் சுப்பராம தீட்சிதர் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நாம் குறைகூற இயலாது. முத்தை ஆழத்தில் மூழ்கி எடுத்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆயினும் முதலியாரின் தூய உள்ளத்தைக் கண்டு அவர் இசைந்தார். அப்பணியிலேயே முதலியாரின் பொருள் கரைந்தது. ஓயாத எழுத்து வேலையால் கண்பார்வையும் குன்றியது.

எட்டயபுரத்தில் புதிய அரசர் பட்டமேற்ற 1899-ஆம் ஆண்டில் அவர் அவ்வூருக்கு வந்தார். சென்னையிலிருந்து தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை இருந்த போதிலும் எட்டயபுரத்தில் நிலையம் இல்லை. கோவில்பட்டியில் இறங்கிக் கரிசல் சாலையில் செல்லவேண்டிய காலம் அது. பார்வை குன்றிய அந்த மனிதர் அரசரிடமும் திவானிடமும் வேண்டியது தமக்காக அன்று. சுப்பராம தீட்சிதரிடம் உள்ள இசைச் செல்வம் அனைத்தையும் அவரைக் கொண்டே எழுதுவித்து அச்சிடவேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். தாம் தொடங்கிய பணியைத் தம்மால் முடிக்க இயலாது என்று கண்டபோது, அதை முடிக்க வல்லவரின் கையில் ஒப்படைத்துவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார்.

அரசர் இசைந்தார். எட்டயபுரத்து வித்தியா விலாசினி அச்சகத்தில் 1904-ஆம் ஆண்டில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளோடு, ஆயிரம் பக்கங்களுக்கும் மேல் விரிந்த பெருநூல் அது. முத்துசாமி தீட்சிதரின் 229 பாடல்கள் அதில் இடம்பெற்றன. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி அதனைத் தமிழ் எழுத்தில் ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. 1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதியார் இரங்கற்பா பாடினார். நூலுக்குக் காரணமாக நின்ற முதலியாருக்கோ, அதனை அச்சில் கண்டு படிக்கும் பேறு வாய்க்கவில்லை.

அத்தர் வணிகரின் மகன்

இனி மற்றக் கல்லறைக்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டில் சேகு முதலியார் என்னும் அத்தர் வணிகர் எட்டயபுரத்து அரண்மனையில் நறுமணப் பொருள்களை விற்றுவந்தார். அவர் மகன் உமறு, அவ்வவையின் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார். மாணவர் முஸ்லிம் என்பது ஆசிரியருக்குத் தடையாகத் தோன்றவில்லை; ஆசிரியர் இந்து என்பது தந்தைக்கும் தடையாகத் தோன்றவில்லை. ஆசிரியருக்குப் பின் உமறுவே அவைப்புலவரானார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடவேண்டும் என்று கேட்டவர் முத்துக்கரையின் பெருவணிகரான கீழக்கரை வள்ளல் சீதக்காதி. வரலாற்றுச் செய்திகளைத் தரவேண்டிய காயல்பட்டினத்து மார்க்கமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள், அரசவைக் கோலத்தில் வந்து நின்ற புலவரைக் கண்டு முதலில் மறுத்துவிட்டார்கள் என்றும், புலவர் மனம் வருந்தி வேண்டிய பின்னரே இணங்கினார்கள் என்றும் கூறுவர். இங்கும் ஒரு தயக்கம். இங்கும் காதலே வென்றது. இடையில் சீதக்காதி மறைய, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரைப் புரந்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்தது.

உமறு 1703-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் இறையடி சேர்ந்தார். அவர் காப்பியம் ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்தது. நம் ஊர்களில் சீறா ஓதும் அவைகளில் விருத்தத்தை இராகத்தோடு ஒருவர் இசைக்க, மற்றொருவர் பொருள் விரித்துரைப்பார். முடிவில், காயல்பட்டினம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏடுகளை ஆராய்ந்து 1842-ஆம் ஆண்டில் அதனை அச்சேற்றினார். அவர் அப்பணியை மேற்கொண்டிராவிட்டால் சீறாவின் கதியும் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

காப்பியம் அச்சேறிற்று; ஆனால் காப்பியம் பாடியவரின் கபுறு எட்டயபுரத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1912-ஆம் ஆண்டில் அதன்மீது நினைவிடம் எழுப்பியவர் யார் தெரியுமா? கீழக்கரைச் செல்வர் அல்லர்; காயல்பட்டினத்து வணிகரும் அல்லர். உமறுவின்பால் பேரன்பு கொண்ட பிச்சைக் கோனார் என்னும் இந்துப் பெருமகன். 2007-ஆம் ஆண்டில் தமிழக அரசு அவ்வூரில் புலவருக்கு மணிமண்டபம் அமைத்தது. அரசின் கடமை அது. ஆனால் அதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு முன்பே கோனார் செய்ததைக் கடமை என்று யாரும் அவருக்கு விதிக்கவில்லை.

நமக்குள்ள கடன்

தீட்சிதரின் பாடல்கள் நூலாவதற்கு ஒரு கிறித்தவர் தம் கண்ணொளியைச் செலவிட்டார். நம் புலவரின் கபுறுக்கு ஒரு கோனார் கூரை அமைத்தார். தம்முடையது அன்று என்று ஒதுக்கிவிட இருவருக்கும் எல்லா நியாயமும் இருந்தது. காதல் அத்தகைய நியாயங்களைக் கேட்பதில்லை. எட்டயபுரத்தின் இரு கல்லறைகளும் நமக்குச் சொல்வது இதுவே.

இசையைப் பற்றி நம் மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் நம் முன்னோர் பாடியவை காக்கப்படவேண்டும் என்பதில் எவருக்கும் வேறுபாடு இருக்க முடியாது. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளையே தந்த சமுதாயம் நம்முடையது. கீழக்கரை ஆசியா உம்மா போன்ற பெண்மணிகள் ஞானப் பாடல்கள் பாடிய கரை இது. அவற்றுள் அச்சேறியவை ஒரு பகுதி. அச்சேறிய பலவும் மறுபதிப்புக் காணவில்லை. அச்சேறிய நூல்களிலும் சொற்கள் உள்ளனவே தவிர, அவற்றை எந்த மெட்டில், எந்த நடையில் ஓதினார்கள் என்பது வயது முதிர்ந்தோர் நாவில்தான் இருக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. முத்துச் சிப்பி இல்லாத படுகையில் எத்தனை பேர் மூழ்கினாலும் பயனில்லை. பாட்டியின் நினைவும் அத்தகைய படுகையே. அவர் இருக்கும்போது அருகில் அமர்ந்து கேட்காதவர்கள், பின்னர் எங்கே போய்த் தேடுவது? அன்று முதலியாருக்கு அச்சகமும் அரசரின் தயவும் வேண்டியிருந்தன. இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் குரலைப் பதிந்து வைக்கும் கருவி இருக்கிறது. வேண்டுவது சிறிது நேரமும் சிறிது பொறுமையுமே.

ஆகவே எட்டயபுரம் வழியாகச் செல்லும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உமறுப் புலவரின் அடக்கத் தலத்தில் நின்று ஃபாத்திஹா ஓதுங்கள். கூரை அமைத்த கோனாரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்னர் அதே ஊரில் உள்ள இசைப்பெரியாரின் நினைவிடத்தையும் சென்று பாருங்கள். பார்வை குன்றிய நிலையில் அவ்வூருக்கு வந்த ஒரு கிறித்தவ அன்பரின் கதையையும் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் மூத்த உம்மாவின் அருகே அமர்ந்து, “நீங்கள் சிறுவயதில் கேட்ட முனாஜாத்து ஒன்றை ஓதிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவர் ஓதுவதைப் பதிந்தும் எழுதியும் வையுங்கள்.

நம் முன்னோர் தேடிவைத்த செல்வத்தைக் காக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக!