காய்ச்சலை அளந்த கண்ணாடிக் குழல்

சங்கரன்கோவில் புற்றுமண்ணின் பெருமை பேசாத வீடு நம் பக்கத்தில் அரிது. சிரங்கா, மண்ணைப் பூசு! காய்ச்சலா, நெற்றியில் இடு! மருத்துவர் எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில் மண்ணை நாடிய ஏழை மக்களை நாம் எள்ளி நகையாடவில்லை. ஒன்றே கேட்கிறோம்: காய்ச்சல் தணிந்ததென்று எதைக்கொண்டு அளந்தனர்?

கையைக்கொண்டுதான். அந்தக் கையோ பொய் சொல்லும். ஒரு கையை வெந்நீரிலும் மறு கையைக் குளிர்நீரிலும் நனைத்து, பின் இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். ஒன்று குளிர் என்னும், மற்றது சூடு என்னும்!

கையின் பொய்யை வென்றது திரவத்தின் ஒழுங்கு. சூடேறினால் திரவம் விரியும். ஆனால் தண்ணீர் இதற்கு உதவாது. உறைநிலையிலிருந்து 4 பாகை வரை சூடேற்றினால் விரிவதற்கு மாறாகச் சுருங்குகிறது. இந்த இரண்டுங்கெட்டானை நம்பி அளவு குறிப்பதெப்படி? பாதரசம் அத்தகையதன்று. பாகைக்குப் பாகை, தன் பருமனில் ஏறத்தாழ 5,500இல் ஒரு பங்கு விரியும், 357 பாகை வரை கொதிக்காது, கண்ணாடியில் ஒட்டாது. குமிழில் நிரப்பி மயிரிழைத் துளையில் ஏறவிட்டால், அச்சிறு விரிவும் கண்ணுக்குப் புலனாகும். 1714இல் பாரன்ஹீட் அவ்வாறு செய்தார். 1742இல் செல்சியசு கொதிநிலையை 0 என்றும் உறைநிலையை 100 என்றும் தலைகீழாகக் குறித்தார். பெரியவர் சொல்லாயிற்றே என்று எவரும் அதை வேதமாக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் திருப்பி வைத்துவிட்டனர்.

1868இல் செருமானிய மருத்துவர் வுண்டர்லிக், சுமார் 25,000 நோயாளிகளின் உடல்வெப்பத்தை ஆய்ந்த நூலை வெளியிட்டார். காய்ச்சல் நோயின் அறிகுறி, அது ஏறி இறங்கும் பாங்கே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று நிறுவினார். அம்மனின் சீற்றத்துக்கு அந்த ஏட்டில் இடமில்லை!

மூடத்தனத்தை வென்ற அதே பாதரசம் முதலாளியின் கையில் என்னவாயிற்று? அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் கொடைக்கானலுக்கு வந்தது. பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் அறைவெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் புகுந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் குவியலை ஊர்மக்களும் சூழல் இயக்கத்தாரும் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கண்டு உலகறியச் செய்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் நச்சுக் கழிவு, வந்த நாட்டுக்கே கப்பலேறியது. கழிவுக்குக் கப்பல் கிடைத்தது. தொழிலாளிக்கோ வழக்கு மன்றப் படிக்கட்டு! 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்க்குத் தொகை வழங்க நிறுவனம் ஒப்பியது. அப்போதும் அதை இழப்பீடு என்று சொல்லவில்லை, மனிதாபிமானம் என்றது.