தூத்தூர் ஆழ்கடல் மீன்பிடிப்பு

தூத்தூர் ஆழ்கடல் மீன்பிடிப்பு என்பது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு கடற்கரை ஊர்களின் மீனவர்கள் மேற்கொள்ளும் நெடுந்தொலைவு மீன்பிடித் தொழிலாகும். சுறா பிடிப்பதில் இவர்கள் பெயர் பெற்றவர்கள். பல படகுகள் கொச்சியைத் தளமாகக் கொண்டுள்ளன.

படகு வாழ்க்கை

ஒரு பயணம் பல வாரங்கள் நீடிப்பதால் விசைப்படகே வீடாகின்றது. சமையலும் உறக்கமும் அதிலேயே நடைபெறுகின்றன. அரிசி, குடிநீர், டீசல், பனிக்கட்டி ஆகியவை கரையிலேயே ஏற்றப்படுகின்றன. பனிக்கட்டி தீர்ந்தால் பிடித்த மீன் கெட்டுவிடும் என்பதால் அதன் இருப்பைப் பொறுத்தே திரும்பும் நாள் அமைகின்றது. மேற்குக் கடற்கரையில் சூன் 1 முதல் சூலை 31 வரை தடைக்காலமாகும்.

இடர்கள்

படகுகளிலுள்ள வி.எச்.எப் வானொலி ஆழ்கடலிலிருந்து கரையை எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது, முன்னரே கடலுக்குச் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை சென்றடையவில்லை. இவ்வூர்களில் பலர் உயிரிழந்தனர். பலருடைய உடல்கள் கிடைக்கவில்லை. இதன் பின்னர் செயற்கைக்கோள் வழிச் செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன.