மோக்லி முதல் சூரஜ் வரை: ஜப்பானிய அனிமேஷன் தொடர்களும் மும்பையின் பங்கும்

அமெரிக்கப் புல்வெளிகளில் புதிதாகக் குடியேறிய தன் குடும்பத்தின் வாழ்க்கையை லாரா இங்கல்ஸ் வைல்டர் 1932 முதல் சிறார் நாவல்களாக வெளியிட்டார். 1975இல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் அவற்றை 26 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கியது. முந்தைய ஆண்டில்தான் யோஹன்னா ஸ்பைரியின் ‘ஹைடி’, இசாவோ தகஹாதாவின் இயக்கத்தில் 52 பகுதிகளாக ஒளிபரப்பாகியிருந்தது. பிறநாட்டுச் சிறார் இலக்கியத்தை வாரம் ஒரு பகுதியாக, அவசரமில்லாமல் வரைந்து சொல்லும் மரபு இப்படி வேர் பிடித்தது.

அம்மரபு இந்தியாவுக்கு வந்தபோது மும்பை அதை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். அயல்நாட்டுத் தொடர் ஒன்று நம்முடையதாவது குரலிலும் பாட்டிலும் கதைக்களத்திலும் செலுத்தப்படும் படைப்புழைப்பால்தான். அனிமேஷன் வரலாற்றை எழுதுவோர் அவ்வுழைப்புக்கும் ஓவியருக்குத் தரும் இடத்தைத் தரவேண்டும் என்பது இதன் வாதம்.

பிறந்த ஊருக்குத் திரும்பிய கதை

ருட்யார்ட் கிப்ளிங் 1865 டிசம்பர் 30 அன்று பம்பாயில் பிறந்தவர். அவருடைய தந்தை ஜே. ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியர். 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ நூலில் காட்டில் வளரும் சிறுவன் மோக்லியின் கதைகளை, லாராவின் தொடரைத் தயாரித்த அதே நிப்பான் நிறுவனம் 1989–90இல் 52 பகுதிகளாக்கியது. மூலத்தில் இல்லாத கிச்சி என்ற சிவப்புப் பாண்டா போன்ற பாத்திரங்களும் சேர்ந்தன. கிப்ளிங்கின் சில சிறுகதைகள் ஓராண்டு நீளும் வளர்பருவக் கதையாக விரிந்தன.

1993இல் தூர்தர்ஷன் இத்தொடரை இந்தியில் ஒளிபரப்பியது. ஜப்பானிய முகப்புப் பாடலை மொழிபெயர்க்காமல் கவிஞர் குல்சார் புதிய பாடல் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர்கான் என்ற புலிக்கு நடிகர் நானா படேகர் குரல் கொடுத்தார். இன்று பலருக்கும் மோக்லி என்றதும் நினைவில் எழுவது அந்தப் பாடல்தான்; அது டோக்கியோவில் பிறந்ததல்ல. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தூர்தர்ஷன் இத்தொடரை மீண்டும் ஒளிபரப்பியது அதன் நீடித்த செல்வாக்குக்குச் சான்று.

கூட்டுப் படைப்பு

இதற்கு இணையாக இன்னொரு முயற்சியும் நடந்துவந்தது. தொல்லியலாளர் பி. பி. லாலின் அகழாய்வு குறித்த ஆவணப்படத்துக்காக 1980களில் இந்தியா வந்த ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோ, இராமாயணத்தை அனிமேஷன் திரைப்படமாக்க விரும்பினார். மும்பையின் ராம் மோகன் அவருடன் இணைந்தார். ராம் மோகன் 1956இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி கலைஞர் கிளேர் வீக்ஸிடம் பயிற்சி பெற்றவர். படத்துக்கு வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார். மோக்லிக்கு மும்பை குரல் தந்தது படைப்பு முடிந்த பிறகு. இங்கோ இந்தியக் கலைஞர்கள் உருவாக்கத்திலேயே பங்கேற்றனர். இது தொடரல்ல, திரைப்படம். ஆயினும், இரு நாட்டுக் கலைஞர்கள் ஒரே கதைக்காக உழைக்க முடியும் என்பதை நிலைநாட்டியதால் இவ்வரலாற்றில் இதற்கு இன்றியமையாத இடமுண்டு.

களமே மாறியது

மூன்றாம் கட்டம் 2012 டிசம்பரில் கலர்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’. 1960களில் ஜப்பானில் பெரும்புகழ் பெற்ற ‘கியோஜின் நோ ஹோஷி’ என்ற பேஸ்பால் கதையின் இந்திய வடிவம் இது. பேஸ்பால் கிரிக்கெட்டானது, நாயகன் மும்பைக் குடிசைப்பகுதிச் சிறுவனானான். மூலத்தில் நாயகன் அணியும் வில்சுருள் பயிற்சிக் கவசம் இங்கே சைக்கிள் டியூபாக மாறியது. எளிய வீட்டில் கைக்கு எட்டும் பொருளைக் கொண்டு மூலத்தின் உணர்ச்சியைக் காத்த தேர்ந்த மாற்றம் இது. பொருளாதார வளர்ச்சிக் காலத்து ஜப்பானியக் குடும்பத்தின் போராட்டம், சந்துகளில் கிரிக்கெட் ஆடி வளரும் தாராவிப் பிள்ளைகளுக்கும் அந்நியமாகத் தோன்றாத கதையாயிற்று.

தமிழுக்கான கேள்வி

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த ஒரு தலைமுறை மோக்லியை தூர்தர்ஷனின் இந்தியில்தான் சந்தித்தது. யூகோ சாகோவின் இராமாயணமோ, 1993இல் இந்தியத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2025 ஜனவரியில்தான் தமிழ்க் குரலுடன் திரையரங்குகளுக்கு வந்தது.

தமிழில் இன்று குழந்தைகளுக்கான மொழிமாற்றுத் தொடர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 1993இல் இந்தி வடிவத்துக்கு ஒரு முதன்மைக் கவிஞரும் முதன்மை நடிகரும் தந்த கவனமே அதை நிலைக்கச் செய்தது. மொழிமாற்றத்தை விரைவாக முடிக்க வேண்டிய வேலையாகக் கருதினால் குழந்தைக்குக் கிடைப்பது கதைச்சுருக்கம் மட்டுமே. தமிழின் சிறந்த பாடலாசிரியரையும் குரல் நடிகரையும் அப்பணிக்கு அழைப்பதே மோக்லியின் வரலாறு நமக்குத் தரும் நடைமுறைப் பாடம்.