யாருக்கும் வேண்டாத நான்கு கம்பிகள்

இசைக்கலைஞர்களின் நேர்காணல்களைத் தேடி வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பாடகர் என்றால் முதல் மேடையைப் பற்றிச் சொல்வார். கிட்டார் வாசிப்பவர் தன்னைக் கிறுக்காக்கிய ஒரு பாட்டைச் சொல்வார். பேஸ் கிட்டார்காரர்களிடம் மட்டும் பேச்சு எப்படியோ முதல் வாத்தியத்தில் போய் நின்றுவிடும். எங்கே கிடைத்தது, என்ன விலை, யார் கொடுத்தது, எப்படித் தொலைந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். அதை ஆசைப்பட்டு வாங்கியவர்கள் குறைவு. பலருக்கு அது தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பேஸ் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் அதுதான் பேஸ். பாட்டின் அடியில் ஓடும் ஒலி. மட்டமான ஸ்பீக்கரில் காதிலேயே விழாது. ஆனால் நிறுத்திவிட்டால், 'என்னமோ குறையுதே' என்று எல்லாருக்கும் தோன்றும். என்ன குறைகிறது என்று பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. மேடையில் அதை வாசிப்பவரின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்.

தேயிலைப் பெட்டி

பிரிட்டனில் 1950களின் நடுவில் பேஸ் வாசிக்க ஆசைப்பட்ட பையன்களுக்குக் கிடைத்த முதல் வாத்தியம் கிட்டாரே இல்லை, ஒரு தேயிலைப் பெட்டி. 1956ல் லோனி டோனகன் பாடிய ஒரு பாட்டு அங்கே பெரும் வெற்றி பெற்றதும் 'ஸ்கிஃபிள்' என்ற இசைப் பித்து பரவியது. மலிவான ஒரு கிட்டார், துணி துவைக்கும் பலகை, ஒரு பெட்டி இருந்தால் போதும், குழு தயார். பெட்டியைக் கவிழ்த்து வைத்து, நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை ஒரு துடைப்பக் கட்டையின் நுனியில் இருக்கும். கட்டையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றி, பின்னால் சாய்த்தால் கயிறு இறுகி ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். சுருதி சுத்தமாக இருக்காது. ஆனால் 'தும் தும்' என்று நெஞ்சில் இடிக்கும்.

1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனனின் 'குவாரிமென்' குழு வாசித்தது. லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தது அன்றுதான். அந்தக் குழுவின் பேஸ், லென் கேரி வாசித்த தேயிலைப் பெட்டி.

ஒட்டுப்பலகையில் செய்து, ஓரங்களில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்குத் தேயிலை ஏற்றி வந்தவை அவை. இலங்கை மலையகத்தில் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். வூல்டன் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனாலும் தோட்டத்திலிருந்து கிளம்பிய குடும்பங்களில் வந்த நமக்கு, ராக் இசையின் அடித்தளத்தில் ஒரு காலித் தேயிலைப் பெட்டி கிடக்கிறது என்பது சும்மா கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல.

ஏன் பெட்டி? வேறு வழி இல்லை. அதற்கு முன்பு பேஸ் என்றால் ஆள் உயர டபுள் பேஸ்தான். விலை அதிகம். பஸ்ஸில் ஏற்ற முடியாது. டிரம்ஸ், டிரம்பெட் சத்தத்துக்கு நடுவே கேட்கவும் கேட்காது. 1930களிலேயே சியாட்டிலில் பால் டுட்மார்க் கிட்டார்போல மடியில் வைத்து வாசிக்கும் ஒரு மின்சார பேஸைச் செய்து விற்றுப் பார்த்தார், பெரிதாக எடுபடவில்லை. 1951ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்தார். கழுத்தில் உலோகப் பட்டைகள் பதித்திருந்ததால் விரல் வைத்த இடத்தில் சுருதி துல்லியமாக நின்றது. பெயர்க் காரணம் அதுதான். விலை 199.50 டாலர்.

வந்தவுடனே யாரும் அதைக் கொண்டாடவில்லை. ஜாஸ் இசையில் லயனல் ஹாம்ப்டன் தன் குழுவில் அதைச் சீக்கிரமே பயன்படுத்தியவர். அவர் மங்க் மாண்ட்கோமரியின் கையில் அதைக் கொடுத்தபோது, டபுள் பேஸை நேசித்த மாண்ட்கோமரிக்கு அது உவப்பாக இல்லை. பிறகு பழகி, மின்சார பேஸின் முன்னோடிகளில் ஒருவர் என்று பெயரெடுத்தார்.

மிஞ்சியவனுக்குப் பேஸ்

பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். 1959 வரை அமெரிக்க வாத்தியங்களை இறக்குமதி செய்யத் தடை. போருக்குப் பிறகு டாலர் கையிருப்பைக் காப்பாற்ற எடுத்த முடிவு. அதனால்தான் அந்தத் தலைமுறைக் கலைஞர்களின் முதல் பேஸ் கதைகளில் ஜெர்மானியப் பெயர்களும் மலிவான ஜப்பானியப் பெயர்களும் வந்துகொண்டே இருக்கும். பொருளாதாரக் கொள்கை ஒரு பையனின் கைக்கு என்ன வாத்தியம் வரவேண்டும் என்று தீர்மானித்த கதை இது.

ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியர். லிவர்பூலில் ஒரு கண்காட்சியில் அவருடைய ஓவியம் 65 பவுண்டுக்கு விற்றது. கையில் காசு வந்த நண்பனை லெனன் விடுவாரா? குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லை. ஓவியம் விற்ற காசு ஒரு ஹாஃப்னர் பேஸாக மாறியது. அவருக்கு வாசிக்கவே தெரியாது. 1961ல் ஹாம்பர்க்கில் குழுவை விட்டு விலகி ஓவியத்துக்கே திரும்பினார். மறுவருடம் ஏப்ரலில் 21 வயதில் இறந்தும் போனார்.

அவர் போனதும் அந்த இடம் மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. குழுவில் வேறு யாருக்கும் அது வேண்டாம். பேஸ் என்றால் பின்னால் நிற்கும் குண்டுப் பையன்களின் வேலை என்றுதான் அப்போது எல்லாரும் நினைத்தோம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஃபெண்டர் வாங்க 100 பவுண்டு வேண்டும். ஹாம்பர்க் கடையில் வயலின் வடிவ ஹாஃப்னர் ஏறத்தாழ 30 பவுண்டு. அவர் இடதுகைக்காரர். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமாக இருக்காது என்பதும் ஒரு காரணம். உலகத்துக்கே தெரிந்த அந்த வயலின் பேஸின் பின்னணி இவ்வளவுதான்: காசில்லை, இடதுகை, ஆளில்லாத இடம்.

பில் வைமனின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1961ல் மலிவாக ஒரு பேஸ் வாங்கினார். கழுத்தில் இருந்த பட்டைகள் சரியில்லை. பிடுங்கிப் போட்டார், புதிதாகப் போடலாம் என்று. பிடுங்கிய பிறகு ஒலி பிடித்துப்போய், அப்படியே விட்டுவிட்டார். பட்டையில்லாத பேஸ் கிட்டார்களில் மிகப் பழையது அது என்கிறார்கள். 1962 டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டதற்கு, அவரிடம் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்ததும் ஒரு காரணம் என்பது அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை.

அமெரிக்காவில் கேரல் கே ஏற்கெனவே பேர் பெற்ற கிட்டார் கலைஞர். 1963ல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை. 'நீங்க எடுங்க' என்றார்கள், எடுத்தார். பிறகு ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் மிக அதிகமாக ஒலிப்பதிவான பேஸ் கலைஞர்களில் ஒருவர் ஆனார். கேட்டவர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது.

இரண்டு திருட்டுகள்

ஜேம்ஸ் ஜேமர்சன் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது ஒரு குச்சியில் ரப்பரை இழுத்துக் கட்டி எறும்புப் புற்றில் நட்டு, அதைச் சுண்டி எறும்புகளை ஆடவைப்பாராம். கலைஞனின் முதல் பேஸ் எது என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் குச்சிதான். தேயிலைப் பெட்டியின் தம்பி.

பதின்வயதில் டெட்ராய்ட் வந்து, பள்ளியில் டபுள் பேஸ் கற்றார். 1960களின் தொடக்கத்தில் மின்சார பேஸுக்கு மாறினார். முதல் ஃபெண்டர் சக கலைஞர் ஒருவர் கொடுத்தது. அது திருடு போனது. பிறகு அவர் வாசித்தது 1962ஆம் வருடத்து பிரிசிஷன். 'ஃபங்க்' என்று அதில் கீறி வைத்திருந்தார். கம்பி அறுந்தால் தவிர மாற்றமாட்டார். வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே சுண்டுவார். மோடவுன் நிறுவனத்தின் 1960களின் புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது அந்த ஒற்றை விரல்.

தட்டுகளின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971ல் மார்வின் கேயின் ஓர் ஆல்பத்தில்தான் மோடவுன் முதன்முறையாக அவர் பெயரை அச்சிட்டது. 1983 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா நடந்தது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த விழா. ஜேமர்சன் டிக்கெட் வாங்கிக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதே வருடம் ஆகஸ்டு 2 அன்று 47 வயதில் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் அந்த 1962 பேஸும் களவு போயிருந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை.

மெக்கார்ட்னியின் ஹாஃப்னரும் களவு போனதுதான். 1972 அக்டோபரில் லண்டனில் ஒரு வேனிலிருந்து. அதைத் தேடுவதற்கென்றே ஒரு குழு கிளம்பியது. ஒரு வீட்டின் பரணிலிருந்து கிடைத்து, 2024 பிப்ரவரியில் உலகச் செய்தியானது. 51 வருடம் கழித்து. இரண்டு பேருமே இந்த வாத்தியத்தின் மொழியை மாற்றியவர்கள். ஆனால் பெயர் தெரிந்தவனின் வாத்தியத்தைத் தேடத்தான் ஊர் கிளம்புகிறது.

நம் பக்கம்

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷாடோஸ்' குழுவும் சிங்கப்பூரின் ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் வந்து வாசித்தார்கள். இங்கே கிட்டார் குழுக்களின் அலையை அந்த நிகழ்ச்சியே கிளப்பிவிட்டது என்பார்கள். மலாயிலும் பாப் யே யே அலை எழுந்தது. 1964ல் எம். ஒஸ்மானின் 'சுசானா' அதன் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. இந்தக் குழுக்களுக்கு மலாயில் 'குகிரான்' என்று பெயர். கும்புலான் கித்தார் ரஞ்சாக் என்பதன் சுருக்கம். துள்ளல் கிட்டார் குழு என்று வைத்துக்கொள்ளலாம். லீட், ரிதம், பேஸ், டிரம்ஸ். பேஸ் வாசிப்பவருக்கு நம் மண்ணில் நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான்.

தமிழ்த் திரையிசையில் பேஸைக் காதில் விழும்படி செய்தவர் இளையராஜா. மெட்டுக்கு எதிராக நடந்துபோகும் இன்னொரு மெட்டுபோல அவர் பேஸை எழுதினார்; ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதிக் கொடுப்பவர். அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன். எங்கள் வீட்டில் கேசட் தேயத் தேயக் கேட்ட காலத்தில் அந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. உறையில் இசை, பாடல், பாடகர் மட்டும்தான். ஏ.ஆர். ரஹ்மானின் உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் வந்த பிறகுதான் கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரை நான் பெயரோடு அறிந்தேன்.

கிள்ளானில் ஓர் இசைக்குழுவில் பல வருடம் பேஸ் வாசித்த அண்ணன் ஒருவரிடம் போன வருடம் பேசினேன். என்னென்ன பாட்டு வாசிச்சீங்க என்று கேட்டதற்கு, 'அப்ப வந்ததெல்லாம்தான்' என்று முடித்துக்கொண்டார். முதல் பேஸ் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். முகமே மாறிவிட்டது.

"எனக்கு லீட்டுதான் தம்பி ஆச. அதுக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு நின்னானுங்க. மாஸ்டரு என்னப் பாத்து, நீ பேஸ எடுன்னாரு. செகண்ட் ஹேண்டு. ஒரு சீனரு வித்தது. எரநூறு வெள்ளி. எங்கம்மா கூட்டுப் புடிச்ச காசு. வீட்டுல ஆறு மாசத்துக்கு அத சொல்லிச் சொல்லியே ஏசுனாங்க."

எட்டு வாக்கியம். அதற்குள் ஒரு குழுவின் படிநிலை, இனங்களுக்கிடையே கைமாறிய பொருள், தோட்டத்திலிருந்து பட்டணம் வந்த ஒரு தாயின் சேமிப்பு எல்லாம் இருக்கின்றன. அவர் வாசித்ததற்கு ஒலிப்பதிவு இல்லை. சில கல்யாண வீடியோக்களில் இருப்பார், ஆனால் கேமரா பாடகியைவிட்டு நகராது. கீபோர்டு வந்த பிறகு பேஸ் அந்த வாத்தியக்காரரின் இடதுகைக்குப் போய்விட்டது. இவர் பேஸை விற்றுவிட்டார்.

நம் இசைக்குழுக்களின் வரலாற்றை எழுத நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பாடகர்களின் பட்டியலை யாராவது எழுதிவிடுவார்கள். ஓரத்தில் நின்றவரிடம் போங்கள். 'முதல்ல எப்படிண்ணே கிடைச்சது, எவ்வளவு கொடுத்தீங்க, இப்ப எங்க இருக்கு?' என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே சொல்வார்கள். கிள்ளான் அண்ணனின் பேஸை வாங்கிக்கொண்டு போனவர் ரவாங்கில் இருந்தாராம். அடுத்து அங்கேதான் போய்க் கேட்கவேண்டும்.