புகை: தொல்லையிலிருந்து உயிருரிமைக்கு

1905இல் இயற்றப்பட்ட வங்காளப் புகைத்தொல்லைச் சட்டத்திற்குக் கல்கத்தாவின் நிலக்கரிப் புகை வெறும் தொல்லையே. புகைபோக்கியிலிருந்து எழும் புகையின் கருமையும் நேரமும் அளக்கப்பட்டன. நிலக்கரியை எரிக்கத்தான் வேண்டுமா என்று அச்சட்டம் வினவவில்லை.

எரிபொருளையே மாற்றும் ஆணை டெல்லியில் பிறந்தது. எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென 1998இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. எரிவாயுத் தட்டுப்பாட்டையும் செலவையும் காட்டிக் காலநீட்டிப்புக் கேட்கப்பட்டபோது, 2002 ஏப்ரல் ஆணை அரசமைப்பின் 47ஆம் உறுப்பைச் சுட்டியது: பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை. அவ்வாண்டின் இறுதிக்குள் டீசல் நகரப் பேருந்துகள் விலகின.

ஆயினும் எரிவாயுவும் புதைபடிவ எரிபொருளே. மக்களின் நலவாழ்வுக்காக ஓர் எரிபொருளைக் கைவிடலாம் என்று ஏற்ற வாதம், எரிவாயுவோடும் பேருந்தோடும் நின்றுவிட நியாயமில்லை. அனல்மின் நிலையத்தின் நிலக்கரிக்கும் அது பொருந்தும்.