வாடகைத் தாயும் காப்பீடும்: கொஞ்சம் வரலாறு

இன்றைக்குக் கொஞ்சம் சட்ட வரலாறு. பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன்!

காப்பீட்டுப் பாடத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். நஷ்டம் வந்தால் தாங்கப் போவது யார்? வாடகைத் தாய் விஷயத்தில் இதற்கு நம் நாட்டில் பல வருடம் உறுதியான பதிலே இல்லை.

2005-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செலவு தம்பதியருடையது, வாடகைத் தாய்க்கான தொகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் அது சட்டம் அல்ல.

அடுத்தது நம் சென்னை. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற்றார். விடுப்பு கேட்டார், மருத்துவ அட்டையில் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொன்னார். விதியில் இடமில்லை என்றது நிர்வாகம். 2013 மார்ச்சில் உயர்நீதிமன்ற நீதிபதி சந்துரு, தத்தெடுக்கும் தாய்க்கு விடுப்பு உண்டென்றால் இவருக்கு ஏன் கூடாது என்ற அடிப்படையில் இரண்டையும் கொடுக்க உத்தரவிட்டார். 'ஜெய்பீம்' படத்தில் வரும் அதே சந்துருதான்!

2017-ல் பேறுகாலச் சட்டமும் ஈ.எஸ்.ஐ.யும் இப்படிக் குழந்தை பெறும் தாய்க்கு 12 வாரம் கொடுத்தன.

வாடகைத் தாய்க்கு? 2019 மசோதாவில் 16 மாதக் காப்பீடுதான் இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு 36 மாதம் கேட்டது. 2021 சட்டத்தில் அதுவே இடம்பெற்றது. பிரீமியம் கட்ட வேண்டியது தம்பதியர். மருத்துவச் செலவு, காப்பீடு போன்றவை தவிர வேறு பணம் கொடுக்கக் கூடாது. வியாபாரமாகச் செய்தால் 10 வருடம் வரை சிறை.

ஆக, உடம்புக்கு வரும் ஆபத்துக்குக் காகிதத்திலாவது பதில் கிடைத்துவிட்டது. சம்பளத்துக்கு?

2024 ஜூனில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு விதியை மாற்றியது. வாடகைத் தாய்க்கும் 180 நாள், குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் தாய்க்கும் 180 நாள். எங்கள் ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் பெண் அதே வழியில் குழந்தை பெற்றால்? 12 வாரம், அதாவது 84 நாள். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 12 வாரம்தான்.

நாம் காமர்ஸ் படிக்கிறவர்கள், கழித்துப் பார்ப்போம். வித்தியாசம் 96 நாள். அந்த 96 நாளும் கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அவர் கம்பெனி பஸ் ஏறுவார்? வீட்டில் இருந்தால் சம்பளம் போகும். எந்த பாலிசியிலும் அதற்கு க்ளெய்ம் கிடையாது.